முப்பதுக்கு விழுந்தவர்கள்

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிவஞானத்துக்கு நேர்மாறு. பயம் கூடக்கூட அவருக்கு வாய் கூடும். அந்த ஆனி மாதம் பதுளைக் கடைவீதியில் அவர் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், கிளாக்கருக்கு ஏதோ நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். உள்ளே பயம் அரித்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கிளாக்கராக இருந்தார். மனைவி வடிவம்மா விஷக்காய்ச்சலில் விழுந்து, தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்துவிட்டதால், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். தொற்றுகிற காய்ச்சல் என்பதால் அந்த வார்டுக்குள் உறவுக்காரர்கள் காலெடுத்து வைக்க முடியாது. காலையிலும் மாலையிலும் வராந்தாப் படியில் நின்று விசாரிக்கலாம், அவ்வளவுதான். இராக்கம்மா என்கிற ஆயா வாசல்வரை வந்து, "அப்படியேதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படியே என்றால் எப்படி என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மற்ற நேரமெல்லாம் மொஹிதீனின் துணிக்கடையில் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வரும் பாதை அந்தக் கடைக்கு எதிரேதான் கடைவீதியில் வந்து சேர்கிறது. அங்கிருந்து யார் இறங்கினாலும் கடைப் பலகையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சிவஞானம் எப்போதும் பாதையைப் பார்த்தே உட்காருவார். யாராவது இறங்கி வந்தால் பேச்சு இன்னும் பலமாகும். இறங்கியவர் கடையைத் தாண்டிப் போனபிறகுதான் மூச்சு விடுவார்.

நானா, அதாவது அண்ணன், என்று கடைவீதியே கூப்பிடுகிற மொஹிதீனுக்கும் அவருக்கும் சிநேகம் கிரிக்கெட்டால் வந்தது. துரைமார் பதுளையில் ஆடும்போது ஸ்கோர் எழுத சிவஞானத்தைக் கூப்பிடுவார்கள். கயிற்றுக்கு வெளியே வெயிலில் நின்று பார்க்கிற கூட்டத்தில் மொஹிதீன் கட்டாயம் இருப்பார். மூன்றாவது ஆள் அரிசிக்கடை ஜெயராசா. ரயில் பதுளைவரைக்கும் வந்ததே அந்த வருசம்தான். மூட்டை இறக்க ஸ்டேசனுக்குப் போகிற ஜெயராசா, திரும்பும்போது கொழும்புப் பேப்பரையும் கையோடு கொண்டுவருவார். மூன்று பேரும் அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் நடக்கிற ஆட்டத்தை இங்கே திரும்ப ஆடி முடிப்பார்கள். அந்த வருசம் தென்னாபிரிக்கா சைடு இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடப் போயிருந்தது. அவர்கள் ஜெயிப்பார்கள் என்று உலகத்தில் யாரும் சொல்லவில்லை.

அன்று ஜெயராசா வாசலில் நின்றபடியே பேப்பரை விரித்தார்.

"முப்பது" என்றார்.

"யாரு முப்பது?" என்று கேட்டார் சிவஞானம்.

"எல்லாரும் சேந்து முப்பது. முழு சைடும். அதுலயும் பதினொன்னு எக்ஸ்ட்ரா. ஒருத்தன்கூடப் பத்து அடிக்கல."

சிவஞானம் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு வேண்டியதற்கு மேல் நீண்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"டாஸ ஜெயிச்சிட்டு, நீங்களே மொதல்ல ஆடுங்கன்னு இங்கிலாந்துக்காரன எறக்கி விட்டது இவங்கதான்" என்றார் ஜெயராசா. "அவன் நானூத்தி முப்பத்தெட்டு அடிச்சிட்டுப் போய்ட்டான். இவங்க முப்பது. இதுக்கா கப்பலேறிப் போனாங்க?"

மொஹிதீன் ஒரு பூப்போட்ட சீத்தைத் துணியைச் சுருட்டி அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினார். "பேப்பர முழுசாப் படிங்க ஜெயராசா. அதோட முடிஞ்சிருச்சா?"

"முடியல நானா. உடனே திரும்பவும் எறக்கி விட்டிருக்கான். இருநூறத் தாண்டி ஆடிட்டுத்தான் இருக்காங்க."

"அப்ப அதச் சொல்லுங்களே. முப்பதுக்கு விழுந்தவன் அதே நாள்ல திரும்பி வந்து இருநூறு அடிச்சிட்டு நிக்கிறான். அது பெரிசா, முப்பது பெரிசா?"

"என்னத்துக்கு நானா இவங்களுக்கு நீங்க கொடி புடிக்கிறீங்க?" ஜெயராசாவின் குரலில் பழைய கசப்பு ஏறியது. "என் சித்தப்பா நேட்டால்ல கரும்பு வெட்டப் போனவரு. அங்க நம்ம சனத்த என்ன பாடு படுத்துறாங்கன்னு ஊரெல்லாம் தெரியும். அந்த ஊரு துரைமாருதானே இவங்க? முப்பதுக்கு விழுந்தா என்ன, மூணுக்கு விழுந்தா என்ன?"

"எனக்குத் தெரியாதா? அந்த சைடுல எங்கட ஆளுக ஒருத்தருக்கும் எடமில்ல. நான் அவங்கட ஊருக்குக் கொடி புடிக்கல. பாக்குறவனெல்லாம் சிரிக்கிற எடத்துல, வீடு வாசல விட்டு வந்து, திரும்பவும் மட்டையப் புடிச்சிட்டு எறங்குறான் பாருங்க. அதுக்கு மட்டும்தான். நீங்க சொல்லுங்க கிளாக்கர். ஸ்கோர் எழுதுற ஆளு நீங்க."

சிவஞானம் பாதையைப் பார்த்தபடியே சொன்னார். "எந்திரிக்க மாட்டாங்க நானா. ஒரு தடவ அப்படி விழுந்தவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. இது அணையப் போற வெளக்கு. நாளைக்குப் பேப்பர்ல பாருங்க."

மனதுக்குள் அவர் வேண்டிக்கொண்டிருந்தது வேறு. நில்லுங்கப்பா, நாளைக்கும் நில்லுங்கப்பா என்று முகம் தெரியாத அந்த ஆட்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே சொல்லத்தான் பயம். வடிவம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட புதிதில், பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர். சொன்ன அன்றைக்கே அவளுக்கு நினைவு தப்பியது. அதிலிருந்து நல்ல வார்த்தை வாயில் வந்தாலே அப்படியே விழுங்கிவிடுவார். கெட்டதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கெட்டது நடக்காது என்று ஒரு கணக்கு. படித்த மனிதர்தான், இங்கிலீசில் கடிதம் எழுதுகிறவர்தான். பயத்துக்கு முன்னால் படிப்பு எந்த மூலைக்கு?

அன்று மாலையும் இராக்கம்மா, "அப்படியேதாங்க இருக்கு" என்றாள். ஆனால் இந்தத் தடவை அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னதாக அவருக்குப் பட்டது. சத்திரத்தில் போய்ப் படுத்தவர் கண்ணை மூடவே இல்லை.

மறுநாள் ஜெயராசா பேப்பரைக் கொண்டுவந்தபோது வெயில் ஏறியிருந்தது. காய்ந்த காற்று கடைவீதிப் புழுதியையெல்லாம் வாரிக் கடைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. மொஹிதீன் துணிகளை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தோத்துட்டாங்க" என்றார் ஜெயராசா. "இன்னிங்ஸும் பதினெட்டு ரன்னும்."

சிவஞானம் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எவ்வளவு அடிச்சாங்க?" என்று கேட்டார் மொஹிதீன்.

ஜெயராசா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "முன்னூத்தித் தொண்ணூறு."

மொஹிதீன் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா? முப்பதுக்கு விழுந்தவன் முன்னூத்தித் தொண்ணூறு அடிச்சிருக்கான்."

"அடிச்சு என்ன? தோல்வி தோல்விதானே?"

"ஜெயராசா, முப்பதோட மூட்டையக் கட்டிட்டுப் போயிருந்தா யாரு கேக்கப் போறா? பதினெட்டு ரன்தான் கொறஞ்சது. இன்னம் பத்தொம்போது அடிச்சிருந்தா இங்கிலாந்துக்காரன் திரும்பவும் மட்டையத் தூக்கிட்டு எறங்கியிருக்கணும். என்ன கிளாக்கர், எந்திரிக்கவே மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

சிவஞானம் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். முன்னூற்றுத் தொண்ணூறு. அச்சில் இருந்தது. அவரையறியாமல் முகம் மலர்ந்தது. "பரவாயில்ல நானா. எந்திரிச்சிட்டாங்க" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

அப்போதுதான் ஆஸ்பத்திரிப் பாதையில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கி வந்தான். ஆஸ்பத்திரிச் சேவகன், சிங்களவன். சிவஞானம் பேச்சைப் பலமாக்கப் பார்த்தார். குரல் வரவில்லை. அவன் கடையைத் தாண்டிப் போகவில்லை. நேரே வாசலுக்கு வந்தான்.

"கிளாக்கர் மாத்தயா, நர்ஸ் நோனா சொன்னது. உங்க சம்சாரத்துக்குப் புது சேலை ஒண்டு ஓணும். பழசு வேணாம், புதுசு. இப்பவே கொண்டு வரச் சொன்னது."

அடுத்து அவன் தபால் கந்தோருக்கும் போக வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிவஞானத்துக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அவர் கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? நோயாளிக்கு யாராவது புதுத்துணி கேட்பார்களா? சேர்த்த அன்றைக்கே துவைத்த பழஞ்சேலைகளாகப் பார்த்து ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார். அது இருக்கும்போது புதுச்சேலை எதற்கு? நம்மவர்களில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். புருசன் இருக்கும்போதே கண்ணை மூடிவிட்ட பெண்ணுக்குத்தான் அவன் கையால் சிவப்பில் ஒரு கோடிச் சேலை எடுத்துப் போடுவான்.

எந்திரிச்சிட்டாங்க என்று சொன்னேனே, இந்த வாயால் சொன்னேனே என்பது ஒன்றுதான் அவர் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

ஜெயராசா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மொஹிதீன் எழுந்து போய் அடுக்கின் முன்னால் நின்றார்.

"எது எடுக்கட்டும் கிளாக்கர்?"

"அந்த அரக்கு."

போன தேருக்கு வந்தபோது வடிவம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்த சேலை அது. தீபாவளிக்குப் பார்ப்போம் என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனவர் சிவஞானம்தான். மொஹிதீன் அதை எடுத்து விரித்துக் காட்டி, திரும்ப மடித்தார். மேசை ஓரத்தில் ஒரு பீங்கான் தட்டில் மஞ்சள்தூள் இருந்தது. சேலை, வேட்டி வாங்குகிற நம்மவர்களுக்காக அவருடைய வாப்பா காலத்திலிருந்தே கடையில் வைத்திருப்பது. உடுத்தப்போகும் புதுத்துணி என்றால் முந்தி ஓரத்தில் துளி மஞ்சள் தொட்டு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பிணத்துக்குப் போடுகிற கோடிக்கு மட்டும்தான் மஞ்சள் கிடையாது. மொஹிதீனின் விரல் பழக்கத்தில் அந்தத் தட்டுக்குப் போனது.

சிவஞானம் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் நானா."

மொஹிதீனின் விரல் மஞ்சளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நான் ஸ்டேசனுக்குப் போய் ரயில் கார்டுகிட்டச் சொல்லி விடவா?" ஜெயராசா மெல்லக் கேட்டார். "தெமோதரைக்குத் தகவல் போயிரும். தோட்டத்துலருந்து ஆளுக வரணுமே."

"பொறுங்க" என்றார் மொஹிதீன். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல இன்னம். நீங்க கடையப் பாத்துக்கங்க. நான் கிளாக்கரோட போயிட்டு வாறேன்."

சிவஞானம் தெருவில் இறங்கி நின்றார். மொஹிதீன் கடைக்குள் ஏதோ செய்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்தார். இருவரும் மேட்டில் ஏறினார்கள். ஏறும்போது சிவஞானம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நடந்து மொஹிதீன் பார்த்ததே இல்லை. அரக்குச் சேலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். காற்று அதன் முந்தியைத் தூக்கித் தூக்கி அவர் முகத்தில் போட்டது. புதுத்துணிக் கஞ்சி வாடை மூக்கில் ஏறியது.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. துணி எரிகிற நாற்றம். குழியில் போட்டு எதையோ கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கம்பால் கிளறிவிட்டபோது பாதி கருகிய ஒரு பச்சைக் கரை வெளியே தெரிந்தது. வடிவம்மாவின் பச்சைக் கரைச் சேலை. அவர் கட்டிக் கொடுத்த மூட்டையில் இருந்த சேலை. சிவஞானம் குழிப் பக்கம் திரும்பினார். மொஹிதீன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க. படி ஏறுங்க" என்றார்.

வராந்தாவில் வெள்ளைக்கார நர்ஸ் நின்றிருந்தாள். அவர் நீட்டுமுன்பே சேலையை வாங்கிக்கொண்டு, இங்கிலீசில் "நல்லது" என்று ஒரு சொல் சொல்லி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு ஆடி ஆடி நின்றது. எது நல்லது? சிவஞானம் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுகைகூட வரவில்லை. இனி தோட்டத்து வீட்டுக் கதவை எப்படித் திறப்பது என்று மட்டும் நினைத்தார்.

கதவு திரும்பத் திறந்தது. இராக்கம்மா வெளியே வந்தாள். இந்தத் தடவை அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, இந்தப் பக்கம் வாங்க. சன்னல் வழியாப் பேசலாமாம்."

"யாரு பேசணும்?" என்றார் சிவஞானம்.

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? உங்க சம்சாரந்தான். விடியக்காலம் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் எறங்கிருச்சு. கஞ்சி குடிச்சிருக்காங்க. வேற வார்டுக்கு மாத்தப் போறாங்க. காய்ச்சல் துணி அங்க ஆகாதுன்னு எல்லாத்தயும் எரிக்கச் சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் புதுசு கேட்டு ஆளனுப்பினாங்க."

சிவஞானம் அவள் பின்னால் போனார். நடந்தாரா, மொஹிதீன் நடத்திக்கொண்டு போனாரா என்று பிறகு கேட்டால் அவருக்கே தெரியாது.

சன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முதலில் அது யாரென்றே அவருக்கு விளங்கவில்லை. தலையை மழித்துவிட்டிருந்தார்கள். கண் இரண்டும் குழியில் கிடந்தன. சாம்பல் நிறக் கம்பளி கழுத்துவரை மூடியிருந்தது. மடியில் அந்த அரக்குச் சேலை.

"என்னங்க" என்றாள் வடிவம்மா. அந்தக் குரல் மட்டும் மாறவில்லை.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் ஓயாமல் பேசிய வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவளே பேசினாள்.

"மெலிஞ்சு போயிட்டீங்க. கடைவீதியிலயே இருந்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"உங்க ஆப்பிரிக்காக்காரங்க என்ன ஆனாங்க?"

அவள் நன்றாக இருந்தபோது வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுகிற கதை அதுதான். அவள் கேலி பண்ணிக்கொண்டே கேட்பாள். அவருக்கு இப்போது பேச ஒரு வழி கிடைத்தது.

"தோத்துட்டாங்க" என்றார். "மொதல்ல முப்பதுக்கு விழுந்துட்டாங்க. முழு சைடும். அப்புறம் திரும்ப எறங்கி முன்னூத்தித் தொண்ணூறு அடிச்சாங்க. அப்படியும் தோத்துட்டாங்க."

"முப்பதுக்கு விழுந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்திரிக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

வடிவம்மா லேசாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலையைத் தடவிப் பார்த்தாள். தேருக்குப் பார்த்த சேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தியைத் தேடி எடுத்து, ஓரத்தைத் திருப்பினாள். இந்த ஓரம் பார்த்தாள். அந்த ஓரம் பார்த்தாள். சேலையின் மறுமுனையையும் இழுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"எனக்கும் அதத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

சிவஞானம் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார். இல்லை என்று சொல்ல ஒரு பொய் வேண்டும். அந்த நேரத்துக்கு அதுவும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி எடுத்து வந்தவன் நான் என்கிற வெட்கமும், இன்னும் இறங்காத பயமும் சேர்ந்து அவரைக் குலுக்கின. அவர் அழுதார். அவள் அழவில்லை. அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பின்னால் நின்ற மொஹிதீன் இருமினார். சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து சிவஞானத்தின் கையில் திணித்தார். நேற்றைய பேப்பரில் கிழித்த துண்டு. உள்ளே ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். கொடுத்துவிட்டு, முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வடிவம்மா அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள், முதுகைக் காட்டி நின்ற மொஹிதீனைப் பார்த்தாள், கடைசியாகப் புருசனைப் பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்பது சிவஞானத்துக்குக் கடைசிவரை தெரியாது. பிறகு முந்தியை எடுத்து, கட்டிலிலிருந்து சன்னல்வரை நீட்டப் பார்த்தாள். எட்டவில்லை. இராக்கம்மா உள்ளே போய் அதை வாங்கிக் கம்பிக்கிடையில் வெளியே விட்டாள்.

"நீங்களே வைங்க" என்றாள் வடிவம்மா.

அவர் விரலை மஞ்சளில் தொட்டார். பொட்டலம் சரிந்து பாதி மஞ்சள் சன்னல் விளிம்பில் கொட்டிப்போனது. மீதியைச் சேலை ஓரத்தில் வைத்து, அது ஒட்டும்வரை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.